மருத்துவமனைக்கு நிதி: 3 கோடிக்கு முன்னால் மாதச் செலவு

குடியாத்தத்துக்கு அப்பால் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஊரார் சிலர் சேர்ந்து சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறார்கள். வயதான மருத்துவர் ஒருவர் நெடுங்காலமாக நடத்திவந்த சிறு மருத்துவமனையை அவர்களிடம் ஒப்படைக்க முன்வந்திருக்கிறார். அதை 30 படுக்கையுள்ள மருத்துவமனையாக வளர்த்து, ஏழைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்குக் குறைந்த கட்டணத்திலும் நடத்த வேண்டும் என்பது ஆசை. 3 கோடி ரூபாய் தேவைப்படும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணத்தையும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் பணத்தையும் வாங்குவது எப்படி, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது கேள்வி.

யாரைப் பார்ப்பது என்று கேட்டாலும், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நேற்றுப் பதிவான அறக்கட்டளையை நம்பி ஒருவர் ஏன் பணம் தர வேண்டும்? கட்டடம் எழும்பிய பிறகு, மாதம் பிறந்தால் செவிலியருக்கும் டூட்டி டாக்டருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், யாரைப் பார்ப்பது என்பது பெரிய காரியமே இல்லை. நண்பரின் கடிதத்தில் 3 கோடி என்ற தொகை மூன்று இடங்களில் வருகிறது. மாதச் செலவு என்ற பேச்சு ஓரிடத்திலும் இல்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் வேலூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பல ஆண்டுகளாக அறக்கட்டளைக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். பள்ளி, முதியோர் இல்லம், சிறு மருத்துவமனை என்று பலவிதமான கணக்குகள். கீழே சட்டம் பற்றி நான் சொல்வதை உறுதியானது என்று எடுத்துக்கொள்ளலாம். யார் எப்போது மனம் இரங்கித் தருகிறார்கள் என்று சொல்வதெல்லாம் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து நான் சேர்த்துக்கொண்ட கருத்து. இன்னோர் ஊரில் அது மாறலாம். எத்தனை படுக்கை, என்ன சிகிச்சை என்பவை மருத்துவர்கள் தீர்மானிக்க வேண்டியவை. அவற்றில் நான் தலையிடப் போவதில்லை.

முதலில் சட்டம். நீங்கள் குறிவைத்திருக்கும் இரண்டு வாசல்களும் இப்போது உங்களுக்குத் திறக்காது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். மருத்துவம் அதற்கு ஏற்ற செலவுதான். ஆனால் வெளி அறக்கட்டளை வழியாக அதைச் செலவிடுவதானால், அந்த அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவுகள் இருக்க வேண்டும், சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும், அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. பதிவுக்கு விண்ணப்பிக்க அறக்கட்டளை தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நன்கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஒரு தொகைக்கு முன் அனுமதி கேட்கும் வழி ஒன்று உண்டு. புதிய அறக்கட்டளைக்கு அது எளிதான பாதை அன்று.

ஆகவே முதல் மூன்று ஆண்டுகள் உங்களை வாழவைக்கப் போவது இந்த மாவட்டத்துப் பணம்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஊர் தன் கையிலிருந்து தந்து மூன்று ஆண்டு ஓடிய மருத்துவமனையின் கணக்கைப் பார்க்கும் கம்பெனி அதிகாரிக்கு அதற்கு மேல் சிபாரிசு தேவைப்படாது. ஊரே தராத இடத்துக்கு வெளியிலிருந்து பணம் வந்து நிலைத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெளிநாட்டுப் பணம் என்று நீங்கள் எழுதியதில் ஒரு பகுதி இப்போதே கிடைக்கக்கூடியது. பலர் இதில் குழம்புகிறார்கள், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். துபாயிலோ ரியாத்திலோ வேலை செய்யும் உங்கள் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, தருபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையே சட்டம் பார்க்கிறது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் சென்று அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், உங்கள் சொந்த அத்தை மகனாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவர் தரும் ஆயிரம் ரூபாயைக்கூடப் பதிவோ அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுள்ள குற்றம் அது. எனவே வெளிநாட்டிலிருந்து பணம் தருபவர் யாராக இருந்தாலும் பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பதிவு உள்ள வேறோர் அறக்கட்டளை தன் கணக்கில் வாங்கி உங்களுக்கு மாற்றித் தரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முற்றிலும் தடுத்துவிட்டது. வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. பெறும் அமைப்புக்கும் பதிவு இருந்தாலும் முடியாது. மூன்று ஆண்டு கழித்து நீங்கள் பதிவு பெறும்போது, பணத்தை முதலில் வாங்க வேண்டிய கணக்கு டில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில்தான் இருக்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சம்பளப் பட்டியலை எழுதும்போதே இதை மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்தது 80ஜி. புதிய அறக்கட்டளைக்கும் தற்காலிக ஒப்புதல் கிடைக்கும். அதற்காக மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டாம். (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, மக்கள் வாயில் வழங்கும் பழைய எண்களையே இங்கு எழுதுகிறேன்.) துண்டுப் பிரசுரத்தில் 'நன்கொடைக்கு முழு வரிவிலக்கு' என்று அச்சடித்துவிடாதீர்கள். உங்களைப் போன்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடையில் பாதித் தொகைதான் வருமானத்திலிருந்து கழியும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 30 சதவீத வரி கட்டும் ஒருவர் 10,000 ரூபாய் தந்தால் அவருக்கு மிச்சமாவது ஏறத்தாழ 1,500 ரூபாய். அதுவும் பழைய வரி முறையில் கணக்குக் காட்டினால் மட்டுமே. இப்போது பெரும்பாலான சம்பளக்காரர்கள் இருக்கும் புதிய முறையில் ஒரு ரூபாயும் கழியாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும், பணத்துக்குப் பதில் கட்டிலும் மெத்தையுமாகத் தந்தாலும் அந்தச் சலுகை இல்லை. வரிச் சலுகையைச் சொல்லி அழைத்தவர் ஆடிட்டரிடம் போய் உண்மையைத் தெரிந்துகொண்டால் மறுபடி உங்கள் பக்கம் வரமாட்டார். வரிக்காகத் தருபவர் வருடக் கடைசியில் ஒரு முறை தருவார். மருத்துவமனைக்காகத் தருபவர் ஆண்டு முழுவதும் தருவார். அவரைத்தான் நாம் தேடுகிறோம்.

80ஜி பெற்றுவிட்டால் கடமையும் உண்டு. ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயர், பான் அல்லது ஆதார் எண், தொகை ஆகியவற்றை நிதியாண்டு முடிந்து மே 31க்குள் 10பிடி படிவத்தில் தெரிவித்து, அவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ரசீது புத்தகம் அச்சடிக்கும்போதே பான் எண்ணுக்கும் கைபேசி எண்ணுக்கும் கட்டம் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் உட்கார்ந்து எல்லோருக்கும் போன் போட்டு எண் கேட்பது பெரிய வேதனை.

உண்டியல் பற்றி ஒரு சொல். பஸ் நிலையத்திலும் கடைகளிலும் உண்டியல் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வைக்கலாம்; அளவோடு வையுங்கள். பெயர் விலாசம் இல்லாமல் வரும் நன்கொடை, ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. உண்டியலில் 20 ரூபாய் போடும் கைகளை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு. அதே 20 ரூபாய்க்கு ஒரு சின்ன ரசீது தந்து பெயரை எழுதிக்கொண்டால், அடுத்த ஆண்டு நீங்கள் போய்ப் பார்க்க ஒரு வீடு கிடைக்கிறது.

இனி மாதச் செலவுக்கு வருகிறேன். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். நான் பார்த்த சிறு மருத்துவமனைகளில் திறப்பு விழா நடக்காமல் நின்றுபோனவை குறைவு. திறந்து இரண்டாம் ஆண்டில் திணறியவையே அதிகம். கட்டடத்துக்குப் பணம் கேட்டால் வரும். கல்லில் பெயர் பொறிக்கலாம், வார்டுக்கு அம்மா பெயர் வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். இரவு ஷிப்ட் செவிலியரின் ஜூலை மாதச் சம்பளத்தில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. மின்கட்டணம், ஆக்சிஜன், ஆய்வக ரசாயனம், ஜெனரேட்டர் டீசல், மருத்துவக் கழிவை எடுத்துச்செல்லும் நிறுவனத்துக்கான கட்டணம், இவற்றுக்கும் கல்வெட்டு கிடையாது. ஆனால் 30 படுக்கையை மருத்துவமனையாக வைத்திருப்பவை இவைதான். எனவே 3 கோடியை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் ஒரு தாளில் பன்னிரண்டு மாதச் செலவை எழுதுங்கள். பக்கத்தில் நோயாளிகளிடமிருந்து நியாயமாக வரக்கூடிய கட்டணத்தை எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஆண்டுதோறும் திரட்ட வேண்டிய நிதி. அந்தத் தொகை இல்லாமல் எந்தப் பணக்காரர் வீட்டுப் படியும் ஏறாதீர்கள்.

மூலநிதி வைத்து வட்டியில் நடத்தலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு கோடி ரூபாயை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 7 லட்சம், மாதம் 58,000 ரூபாய் சொச்சம். அதில் எத்தனை பேருக்குச் சம்பளம் தர முடியும் என்று நீங்களே பாருங்கள். மூலநிதி நல்லதுதான். தருபவர் 'மூலநிதிக்கு' என்று எழுதித் தர வேண்டும், சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் மட்டுமே அதைப் போட வேண்டும் என்ற இரண்டையும் மறக்காதீர்கள். தொடக்க ஆண்டுகளில் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அதைவிட, குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நிதி திரட்டுவதென்றால் நன்கொடை மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். கட்டணம் வசூலித்தால் தர்மம் கெட்டுவிடும் என்று உங்கள் குழுவில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவ உதவி என்பதே தனித்த அறநோக்கமாக ஏற்கப்பட்டது. கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்த வழியில்தான் வளர்ந்தது. அத்துடன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும் தகுதியைப் பெற முயலுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் காப்பீடு உண்டு. உங்கள் ஊரில் நீங்கள் இலவசமாகப் பார்க்க நினைப்பவர்களில் பலரிடம் அந்த அட்டை ஏற்கெனவே இருக்கும். எல்லாச் சிகிச்சையும் அதில் வராது; செய்த சிகிச்சைக்குப் பணம் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கக் கையிருப்பும் வேண்டும். ஆனாலும் அட்டை உள்ள நோயாளிக்கு நன்கொடைப் பணத்தைச் செலவழிப்பது, அட்டையும் இல்லாத ஒருவரின் பங்கை எடுத்துக்கொள்வதாகும்.

நம் மாவட்டத்தில் யாரிடம் போய் மருத்துவமனைக்குப் பணம் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி ஒன்று உண்டு: 'சி.எம்.சி. (வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி) இருக்கிறதே, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, இது எதற்கு?' நேர்மையான கேள்வி அது. பெரிய மருத்துவமனையோடு போட்டி போடுவதாகப் பேசினால் தோற்றுவிடுவீர்கள். இரவு பத்து மணிக்கு வலி எடுக்கும் பெண், பாம்பு கடித்த விவசாயி, மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்காக ஒருநாள் கூலியை விட்டு வேலூர் பஸ் ஏறும் கிழவர் என்று உங்கள் ஊரில் யார் விடுபட்டுப் போகிறார்களோ அவர்களைச் சொல்லுங்கள். ஓராண்டில் உங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் எதற்காக வெளியூர் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வண்ணப் படம் போட்ட எந்தக் கையேட்டையும்விட அது வலுவானது.

சி.எம்.சி.யின் தொடக்கமே நிதி திரட்டுவதற்கு நல்ல பாடம். அதை நிறுவிய, ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடித்தார். இங்கே திரும்புமுன் பெண்கள் மருத்துவமனைக்காகப் பணம் திரட்டியபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் தந்தார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வேலை தொடங்கியது. 1902இல் மேரி டேபர் ஷெல் பெயரில் 40 படுக்கை மருத்துவமனை திறந்தது. பெயர் பொறித்த கட்டடத்துக்கு ஒருவரே முழுத் தொகையும் தருவார் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி அது. அடுத்த பாடம் இன்னும் முக்கியமானது. வேலூர் பெண்கள் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆசியப் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினார்கள். அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் தாங்கள் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு நிதியம் நிபந்தனை வைத்தது. சிறு தொகைகளாகச் சேர்த்தே அந்த இலக்கை எட்டினார்கள்.

இதை நீங்கள் அப்படியே செய்யலாம். உங்கள் பகுதியில் 10 லட்சம் தரக்கூடிய ஒருவர் இருந்தால், உடனே கைநீட்டி வாங்கிக்கொள்ளாதீர்கள். 'ஊர் இன்னும் 20 லட்சம் சேர்த்துவிட்டால் என் 10 லட்சம் தயார்' என்று ஊர்க் கூட்டத்தில் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். சிறு நன்கொடையாளருக்குத் தன் ஐந்நூறு ரூபாய்க்கும் மதிப்பு வந்துவிட்டதாகத் தோன்றும். பெரியவருக்கும் தன் பணம் தனியாக விடப்படவில்லை என்ற நிம்மதி.

யாரைப் பார்ப்பது என்பதற்கு இப்போது வரலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத் தோல், காலணித் தொழிலில் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். பல நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். வரம்புக்குள் வரவே வராது. ஆனால் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பழக்கம் உண்டு. அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்புவதைவிட, அங்கு வேலை செய்யும் உங்கள் ஊர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு உங்கள் மருத்துவமனை என்ன செய்யும் என்று எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முஸ்லிம் குடும்பங்களின் ஜகாத் பணத்தைக் கேட்பதில் மிகுந்த கவனம் தேவை. சேமிப்பில் இரண்டரை சதவீதமான அந்தப் பணம் ஏழையின் உரிமை; அதைக் கட்டடத்துக்குச் செலவிடலாகாது என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஏழை நோயாளியின் மருந்துக்கும் சிகிச்சைக்கும் தனிக் கணக்கு வைத்துக் கேளுங்கள். கேட்குமுன் அந்த ஊர் ஜமாத்தில் உள்ள ஆலிமிடம் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். கட்டடத்துக்குத் தர விரும்புபவர் ஜகாத்துக்குப் புறம்பாகத் தர முடியும். அதே நேரத்தில், குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்காக மட்டும் என்று நடக்கும் அறக்கட்டளைக்கு 80ஜி கிடைக்காது என்பதால், மருத்துவமனையின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பது உங்கள் பத்திரத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டுப் படையலில் ஒரு பங்கை மருத்துவமனைக்கு என்று ஆயர் அறிவித்தால் சபை மறுக்காது. வைகாசியில் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். அந்த நாட்களில் இலவச ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு ஒரு பந்தல் போட்டு, பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே பணம் கேட்க வேண்டாம். வீடு திரும்பிய பிறகு கேட்டால் நிதானமாக யோசித்துத் தருவார்கள்.

மாதந்தோறும் 200 ரூபாய் தரும் ஆயிரம் பேர் என்றால் மாதம் 2 லட்சம், ஆண்டுக்கு 24 லட்சம். என் கருத்தில் உங்கள் மருத்துவமனையைக் காப்பாற்றப் போவது இந்த ஆயிரம் பேர்தான். ஒரு பெரிய நன்கொடையாளர் மனம் மாறினால் ஒரு வார்டு மூடப்படும். ஆயிரம் பேரில் ஐம்பது பேர் நின்றுபோனால் புதிதாக ஐம்பது பேரைத் தேடிக்கொள்ளலாம். வங்கியில் தானாகப் பிடித்தம் செய்ய ஒப்புதல் வாங்கிவிட்டால் ஒவ்வொரு மாதமும் நினைவூட்ட வேண்டியதில்லை. முதலில் யாரிடம் கேட்பது? சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களின் குடும்பத்தாரிடம். அவர்களுக்கு உங்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை: நோயாளி படுக்கையில் இருக்கும்போது கேட்கக் கூடாது, டிஸ்சார்ஜ் பில் கையில் இருக்கும்போதும் கூடாது. அச்சத்தில் இருப்பவரிடம் வாங்கும் பணத்துக்கு நன்கொடை என்று பெயரில்லை. மூன்று மாதம் கழித்து, குணமான செய்தியைக் கேட்டுப் பேசும்போது கேளுங்கள். இலவசச் சிகிச்சை பெற்றவர்களின் புகைப்படத்தைப் பிரசுரத்தில் போடுவதையும் தவிருங்கள். ஏழ்மையைக் காட்டிப் பணம் வாங்கும் மருத்துவமனைக்கு மானமுள்ள ஏழை வரமாட்டார்.

பொருளாக வரும் நன்கொடையில் எச்சரிக்கை வேண்டும். பழைய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இயந்திரம் ஒன்றை ஒருவர் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உங்கள் மருத்துவமனை பதிவு பெறாமல் அந்த இயந்திரத்தை உள்ளே வைக்கவே கூடாது. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு வேண்டும். இயந்திரம் இலவசமாக வந்தாலும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் அதை இயக்கும் ஆளின் சம்பளமும் உங்கள் தலையில்தான். 'இயந்திரத்தோடு மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் தருவீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள். உண்மையாகத் தர நினைப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நட்சத்திரக் கலைவிழா, கமிஷன் அடிப்படையில் வசூலித்துத் தரும் ஏஜெண்டு, இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலாவதில் செலவு போக மிஞ்சுவது பெரும்பாலும் ஏமாற்றமே. இரண்டாவதில் வசூலில் பங்கு எடுத்துக்கொள்பவருக்கு உங்கள் ஊரின் பெயரைப் பற்றிக் கவலை இருக்காது. அவர் சொல்லும் ஒவ்வொரு பொய்க்கும் நீங்கள் ரசீது தந்துகொண்டிருப்பீர்கள்.

அறக்கட்டளை தனி, மருத்துவமனையை நடத்தும் சங்கம் தனி என்று இரண்டாகப் பிரிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்குத் தரும் நன்கொடையில், 2023 திருத்தத்துக்குப் பிறகு, நூற்றுக்கு 85 ரூபாய்தான் அறச்செலவாகக் கணக்கில் வரும். நிர்வாகத்திலும் இரட்டை வேலை. ஒரே அமைப்பிலேயே நடத்துங்கள். யாருக்கு இலவசம், யாருக்குப் பாதிக் கட்டணம் என்று முடிவெடுக்கும் குழுவில் அறங்காவலர்களோடு ஒரு செவிலியரையும் ஊர்ப் பெண் ஒருவரையும் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி மருத்துவமனை வாசலில் ஒட்டுங்கள். கம்பெனிக்காரரும் ஒருநாள் அதைப் படிப்பார். மூன்றாம் ஆண்டு முடிந்து சி.எஸ்.ஆர். விண்ணப்பத்தோடு நீங்கள் ராணிப்பேட்டைக்கோ சென்னைக்கோ போகும்போது, கம்பெனிகள் தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வது உங்களுக்கு உதவும். டயாலிசிஸ் கருவி, ஆம்புலன்ஸ் போன்று கண்ணால் பார்க்கக்கூடியவற்றை அவர்களிடம் கேளுங்கள். சம்பளத்தை ஊரின் மாதச் சந்தாவில் கொடுங்கள். எந்தக் கம்பெனி எவ்வளவு தரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியாது. அதை நம்பி ஆள் எடுக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லாத ஒன்று. அந்த மருத்துவமனையின் நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கின்றன? மருத்துவர் 'ஒப்படைக்கிறேன்' என்பது தானமா, நீண்டகாலக் குத்தகையா, வெறும் வாய்ச்சொல்லா? அவர் மனம் மாற மாட்டார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், சொத்தில் அடமானம் இருக்கக்கூடும். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்து, தானப் பத்திரமோ நீண்டகாலக் குத்தகையோ எதுவாயினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பணத்தில் இன்னொருவர் சொத்தின் மேல் மாடி கட்டிவிட்டு வழக்குக்கு அலையும் நிலை வரக் கூடாது. அது முடியும்வரை ஒரு ரசீது புத்தகமும் அச்சுக்குப் போக வேண்டாம். பத்திரத்தின் நிலையையும் நீங்கள் போட்டுப் பார்க்கும் பன்னிரண்டு மாதச் செலவுக் கணக்கையும் இங்கே எழுதினால், முதல் ஆண்டுக்கான திட்டத்தை இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.